ஃபார்கோவில் சனிக்கிழமை: ‘இரண்டாந்தர’ ஆட்டத்துக்கு ஊரே திரள்வது ஏன்?

அன்புள்ள தம்பி,

வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிப்பதற்காக இந்த 2025 ஆகஸ்டில்தான் ஃபார்கோவுக்கு வந்ததாகவும், மளிகைக் கடை முதல் வங்கி வரை எங்கே திரும்பினாலும் பச்சையும் மஞ்சளுமாகப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான பைசனின் (காட்டெருமை) சின்னம் கண்ணில் படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்களோடு தங்கியிருக்கும் நண்பர், “இது இரண்டாந்தர லீக், பார்ப்பதானால் டிவியில் அலபாமா பல்கலைக்கழக ஆட்டத்தைப் பார்” என்று சொல்லிவிட்டாராம். இது சென்னை லீக் கிரிக்கெட்டின் இரண்டாம் டிவிஷன் போன்றதா, காசு கொடுத்துப் பார்க்க அதில் என்ன இருக்கிறது, விதி தெரியாமல் போனால் ஏதாவது புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரிலேயே வேலை, குடும்பம் என்று நெடுங்காலமாகத் தங்கிவிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போய்ப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, கால்பந்துக்கு மட்டும் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) தன் முதல் டிவிஷனை 1978இல் இரண்டாகப் பிரித்தது. 2006 முதல் மேல்படிக்கு எஃப்.பி.எஸ். என்றும் கீழ்ப்படிக்கு எஃப்.சி.எஸ். என்றும் பெயர். மேல்படியில் ஓர் அணி 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம் என்பதும், கீழ்ப்படியில் 63 பேருக்கான தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதும் நெடுங்காலம் இருந்த வரம்பு. இந்த 2025 பருவத்தில் நம் பல்கலைக்கழகம் ஆடுவது இந்தக் கீழ்ப்படியில். ஹார்வர்டும் யேலும் கால்பந்தில் இதே படியில்தான் இருக்கின்றன என்பதை உங்கள் நண்பரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; அதற்குப் பிறகு ‘இரண்டாந்தரம்’ என்ற சொல் அவர் வாயில் அவ்வளவு எளிதாக வராது.

சென்னை லீக்கோடு ஒப்பிட்டீர்கள். அங்கே கீழ் டிவிஷனில் முதலிடம் பிடிக்கும் அணி அடுத்த ஆண்டு மேலே போகும், மேலே கடைசியில் நிற்பது கீழே இறங்கும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. எத்தனை கோப்பை வென்றாலும் ஓர் அணி தானாக மேலே போய்விடாது. மேல்படியில் உள்ள ஒரு கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் அணிகளின் கூட்டமைப்பு) அழைக்க வேண்டும், அந்தச் செலவைத் தாங்கப் பல்கலைக்கழகம் துணிய வேண்டும். ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2022இல் அப்படித்தான் போனது. நம் பைசன் அணியும் முன்பு இரண்டாம் டிவிஷனில் பல கோப்பைகள் வென்ற பிறகு, 2004இல் தானே முடிவெடுத்து முதல் டிவிஷனுக்கு வந்ததுதான். ஆகவே கீழ்ப்படியில் இருப்பது ஆட்டத் திறமைக்கான மதிப்பெண் ஆகாது. பெரும்பாலும் அது பணத்தையும் ஊரின் அளவையும் பொறுத்த விஷயம்.

இந்தப் படியின் பெருமை அது பருவத்தை முடிக்கும் விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. மேல்படியில் சாம்பியன் யார் என்பதைப் பல பத்தாண்டுகளாகப் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்தே தீர்மானித்தார்கள். நான்கு அணிகள் மோதும் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் இறுதிக்கட்டச் சுற்று, அங்கே வந்ததே 2014இல். பன்னிரண்டு அணிகளாக விரிந்தது 2024இல். கீழ்ப்படியிலோ 1978 முதலே களத்தில்தான் தீர்ப்பு. இன்று 24 அணிகள் பிளேஆஃபுக்குத் தகுதி பெறுகின்றன, முதல் எட்டு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு உண்டு, அதற்குப் பிறகு எந்தச் சுற்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை தொடர்ந்து பார்த்த ஒருவருக்கு, வாக்கெடுப்பில் சாம்பியனைத் தேர்ந்தெடுத்த பழைய வழக்கம் வேடிக்கையாகத் தோன்றும்.

சென்ற 2024 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் டிம் பொலாசெக்குக்கு அது முதல் ஆண்டு. ஆகஸ்ட் 29 அன்று, மேல்படி அணியான கொலராடோவோடு அவர்கள் ஊரிலேயே முதல் ஆட்டம். பெரிய பல்கலைக்கழகங்கள் சிறியவற்றைப் பணம் கொடுத்து அழைத்து, எளிதாக வென்று பருவத்தைத் தொடங்குவது இங்கே வழக்கம். சிறிய பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பணம் தேவைப்படுகிறது. ஆனால் அன்று கொலராடோ 31-26 என்று ஐந்து புள்ளிகளில்தான் தப்பித்தது. அந்த அணியின் டிராவிஸ் ஹன்டர்தான் அதே டிசம்பரில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். பெரிய அணிகளுக்கு இந்த அச்சம் புதிதல்ல: 2013இல் கான்சஸ் ஸ்டேட், 2016இல் அயோவா ஆகிய இரண்டையும் அவர்களுடைய மைதானத்திலேயே பைசன் அணி வீழ்த்தியிருக்கிறது.

அக்டோபர் 19 அன்று தெற்கு டகோட்டா ஸ்டேட் அணி ஃபார்கோவுக்கு வந்தது. 2022, 2023 இரண்டு பருவங்களிலும் சாம்பியன் அவர்கள்தான். 2022 பருவத்தின் இறுதி ஆட்டத்தில் நம் அணியையே 45-21 என்று துவைத்து எடுத்தவர்கள். இரண்டு அணிகளும் மோதும் இந்த ஆட்டத்துக்குப் பரிசு, ஒரு குவார்ட்ஸைட் கல். 1890களின் தொடக்கத்தில் இரு டகோட்டாக்களுக்கும் நடுவே நட்ட எல்லைக் கற்களின் சிறிய வடிவம் அது. ‘டகோட்டா மார்க்கர்’ என்பார்கள். அன்று 13-9 என்று நம்மவர்கள் கல்லை மீட்டார்கள். வென்றவர்கள் அந்தக் கனத்த கல்லைத் தூக்கிக்கொண்டு ரசிகர்களை நோக்கி ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட்டால், எல்லைத் தகராறு ஏதும் இல்லாத இரண்டு மாநிலங்கள் ஒரு எல்லைக் கல்லுக்காக ஏன் இப்படி அடித்துக்கொள்கின்றன என்று கேட்கத் தோன்றாது.

நவம்பர் 23 அன்று, முறைப்படியான பருவத்தின் கடைசி ஆட்டத்தில், வெர்மிலியனில் தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்திடம் 28-29 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். (தெற்கு டகோட்டா ஸ்டேட் வேறு, தெற்கு டகோட்டா பல்கலைக்கழகம் வேறு, அலுவலகத்தில் இதைக் குழப்பிப் பேசிவிடாதீர்கள்.) அந்த ஒரு புள்ளியால் நம் அணி ஆடும் மிசௌரி வேலி கால்பந்துக் கான்ஃபரன்ஸின் பட்டத்தை மூன்று அணிகள் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பிளேஆஃபில் அபிலீன் கிறிஸ்டியனையும் மெர்சரையும் தாண்டி, டிசம்பர் 21 அன்று அரையிறுதியில் மீண்டும் அதே தெற்கு டகோட்டா ஸ்டேட்டைச் சந்தித்து, 28-21 என்று வென்றோம். ஜனவரி 6 அன்று டெக்சஸின் ஃபிரிஸ்கோவில், அதுவரை தோல்வியே காணாத மொன்டானா ஸ்டேட்டோடு இறுதி ஆட்டம். குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்) கேம் மில்லர் இரண்டு டச்டவுன்களை (எதிரணியின் எல்லையைப் பந்தோடு கடப்பது) பந்தை எறிந்தும், இரண்டைத் தானே ஓடியும் பெற்றுத் தந்தார். முதல் பாதியில் கிடைத்த முன்னிலை இரண்டாம் பாதியில் கரைந்துகொண்டே வர, கடைசியில் 35-32 என்று பிழைத்தோம். இந்தப் படியில் அது பத்தாவது கோப்பை. பத்தும் 2011க்குப் பிறகு வந்தவை.

புரியுமா என்று கேட்டீர்கள். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எல்லையைக் கடந்தால் ஆறு புள்ளி, அதன்பின் உதைத்து ஒரு புள்ளி. கடக்க முடியாதபோது தூரத்திலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் மூன்று புள்ளி. முதல் நாளுக்கு இவ்வளவு போதும். மூன்றாவது முயற்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள், ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஃபார்கோடோம் 1992இல் திறந்த, கூரை மூடிய அரங்கம். ஏறத்தாழ 19,000 பேர் உட்காரலாம். எதிரணி மூன்றாவது முயற்சிக்கு வந்து நிற்கும்போது அவ்வளவு பேரும் எழுந்து கத்துவார்கள். கூரையில் பட்டுத் திரும்பும் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. எதிரணியின் குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குக் குரல் கொடுக்க முடியாமல் சைகையால் சமாளிப்பார். முன்வரிசையில் ஒருவர் அவசரப்பட்டு அசைந்துவிட்டால் ஐந்து கெஜம் தண்டனை. அதாவது பார்வையாளரும் ஆட்டத்துக்குள் இருக்கிறார். நம் அணியிடம் பந்து இருக்கும்போது மட்டும் அமைதியாக இருங்கள். புதியவர்கள் உற்சாகத்தில் அப்போதும் கத்துவார்கள். முன்வரிசைப் பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்.

ஊர் ஏன் இப்படித் திரள்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அமெரிக்காவுக்குள் மிக அருகில் இருப்பது ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மினியாபொலிஸில்தான். ஆகவே ஆட்டத்தன்று காலையிலேயே அரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தில் அடுப்பை மூட்டிவிடுகிறார்கள். அறிமுகம் இல்லாதவரையும் கூப்பிட்டுத் தட்டை நீட்டுவார்கள். சைவமானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீன்ஸ்தானே என்று வாங்கும் ‘சில்லி’ என்ற குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்திருக்கும். பியரை வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. வாரம் முழுவதும் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாத இந்த ஊர்க்காரர்களோடு பழகுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவதும், தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிப்பதும் இப்போது எளிதாகிவிட்டதால், கீழ்ப்படியில் மலர்ந்த திறமையை மேல்படி உடனே பறித்துக்கொள்கிறது. சென்ற பருவத்தில் இந்தப் படியின் சிறந்த முதலாண்டு வீரருக்கான விருது பெற்ற சார்மார் பிரவுன், கோப்பை வென்ற அதே மாதத்தில் மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடைசிவரை இங்கேயே ஆடிய கிரே சேபல் என்ற முன்வரிசை வீரரை, 2025 ஏப்ரலில், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, சியாட்டில் சீஹாக்ஸ் அணி முதல் சுற்றிலேயே, 18ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. கார்சன் வென்ட்ஸும் (2016, இரண்டாவது) ட்ரே லான்ஸும் (2021, மூன்றாவது) இங்கிருந்துதான் போனார்கள். திறமையைக் கண்டெடுக்க வருபவர்களுக்கு ஃபார்கோவின் வழி நன்றாகத் தெரியும்.

நீங்கள் கற்பித்தல் உதவியாளராகவும் இருப்பதாக எழுதியதால் இதையும் சேர்க்கிறேன். உங்கள் வகுப்பில் வீரர் இருந்து, வெளியூர் ஆட்டத்துக்காக வெள்ளிக்கிழமை வராமல் போனால், பல்கலைக்கழகம் அனுமதித்த விடுப்பு அது; தேர்வை வேறு நாளில் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், பேராசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். அவருடைய மதிப்பெண்ணைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

நேரம் கிடைத்தால் ரெட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து மூர்ஹெட்டுக்கும் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். அங்கே மினசோட்டா ஸ்டேட் மூர்ஹெட் இரண்டாம் டிவிஷனிலும், கான்கார்டியா கல்லூரி மூன்றாம் டிவிஷனிலும் ஆடுகின்றன. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. சோளக்கதிரைச் சின்னமாக வைத்துக்கொண்டு திறந்தவெளியில் ஆடும் கான்கார்டியாவின் ஆட்டத்தில், தலைக்கவசங்கள் மோதும் ஓசை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் வரை கேட்கும்.

எந்த ஆட்டத்துக்குப் போவது என்றால், மார்க்கர் ஆட்டம் இந்த 2025இல் தெற்கு டகோட்டா ஸ்டேட்டின் ஊரான ப்ரூக்கிங்ஸில் நடப்பதால் அதை டிவியில் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஏதாவது ஓர் உள்ளூர் ஆட்டத்தில் பழகிக்கொண்டு, பிளேஆஃபுக்குக் காசைச் சேர்த்து வையுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தேர்வுகள் முடிந்து மற்ற மாணவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் நாட்டவர்தான் இங்கே இருப்போம். ஆட்டத்தன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்தாலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், மடித்தால் சிறிதாகும் கோட்டாகப் பார்த்து அணிந்து செல்லுங்கள். மூன்றரை மணி நேரம் அதை மடியிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கும்.