ஏசி இருந்தால் படிப்பு வருமா?

கேள்வி: வர்ற ஜூனில் மகளை மூணாவது சேர்க்கணுங்க. டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எல்லா வகுப்பிலும் ஏசி, ஸ்மார்ட் போர்டு, ஃபீஸும் அதுக்கேத்த மாதிரி. ஊர்ப் பள்ளியில் ஓட்டுக் கட்டடம், பெரிய ஜன்னல், வாசலில் வேப்பமரம், அவ்வளவுதான். கட்டட வசதிக்கும் படிப்புக்கும் நிஜமாவே சம்பந்தம் உண்டுங்களா?
- ஒரு அம்மா, கோபிசெட்டிபாளையம் பக்கம்

பதில்: உண்டு அம்மணி. இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை தந்தார்கள். ஒரு வருஷத்தில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 16 சதவீதத்துக்கு வகுப்பறையின் அமைப்புதான் காரணமாம், அதிலும் பாதி வெளிச்சம், வெப்பம், காற்று இந்த மூன்றால். ஸ்மார்ட் போர்டு இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

வீடுகளில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். கதவு ஜன்னலை அடைத்துவிட்டு நாற்பது பிள்ளைகள் மூச்சு விட்டால் மதியத்துக்குள் கொட்டாவியும் தலைவலியும்தான், அதுக்கும் "தூங்குமூஞ்சி" என்று பிள்ளைக்குத்தான் திட்டு விழும். அதுக்காக ஊர்ப் பள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. மேலே இருப்பது நாட்டு ஓடா, சிமென்ட் ஷீட்டா என்று பாருங்கள். ஷீட் என்றால் நம்ம ஈரோட்டு ஏப்ரலில் உள்ளே உட்கார முடியாது. அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து எத்தனை டீச்சர் என்றும் கேளுங்கள், அது கூரையைவிடப் பெரிய கேள்வி.

ரெண்டு பள்ளிக்கும் மதிய இடைவேளையில் போய் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். ஆபீஸ் ரூம் பக்கத்தில் டைல்ஸ் போட்டதை இல்லை, பிள்ளைகள் போகிறதை. நாறுகிற இடமாக இருந்தால், தாழ்ப்பாள் இல்லையென்றால், பெண் பிள்ளைகள் அதுக்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலையில் கொடுத்துவிட்ட பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும், நாம் "ஏன் கண்ணு குடிக்கல" என்று அதட்டுவோம். அப்படியே அடக்கி அடக்கித்தான் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் வருகிறது. அடிவயிறு வலிக்கிற பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி ஏறும்?

வேன் எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். ஏழு மணிக்கே மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடித்தால் பாதி இட்லியோடு ஓட வேண்டும். அரசு தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்டிலிருந்து காலைச் சாப்பாடு அங்கேயே. டீச்சரும் கழிப்பறையும் சரியாக இருந்தால் என் ஓட்டு ஊர்ப் பள்ளிக்குத்தான்.

கேள்வி: எங்க அரசுப் பள்ளியில் டாய்லெட் கட்டியாச்சு, தண்ணீர்தான் வரலை. யாரைக் கேட்கிறது?
- காங்கேயத்திலிருந்து ஒரு அப்பா

பதில்: ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் குடிதண்ணீரும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறதுங்க, யாரும் தர்மம் செய்யவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நகலை ஊராட்சியில் கொடுத்துவிட்டு, அப்படியும் நடக்கவில்லையென்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அங்கேயும் தலையாட்டியதை நம்பி வந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.