பில் போட்டு நாலு மாசம், பணம் எங்கே?

கேள்வி: கணபதியில் சிஎன்சி லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வேலையில் நூற்றுக்கு எண்பது ஒரே பம்ப் கம்பெனிக்குத்தான். ஷாஃப்ட் கடைந்து கொடுத்து நாலு மாசம் ஆகியும் பணம் வரவில்லை. ஜிஎஸ்டியை என் கையிலிருந்து கட்டிவிட்டேன். புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடுமோ ஐயா?
- வாசகர், கோவை

பதில்: போகலாம். எண்பது சதவீதத்தை ஒரே வாசலில் வைத்திருக்கும் வரை இந்தப் பயமும் போகாது. முதலில் இன்னும் இரண்டு கம்பெனியாவது பிடியுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். ஆர்டரில் '90 நாள்' என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி.

ஆனால் இந்த நாள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. அங்கேதான் பட்டறைக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது எத்தனையோ டெலிவரி சலான் பார்த்திருக்கிறேன். கேட் செக்யூரிட்டியின் கிறுக்கல் இருக்கும், தேதி இருக்காது. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பணம் கேட்டதும் 'ரிஜெக்‌ஷன்' கதை பேசுவார்கள். அப்போது தேதியும் சீலும் உள்ள சலான்தான் பேசும்.

புகாருக்கு முன் ஒரு கடிதம் போடுங்கள், பர்ச்சேஸுக்கு அல்ல, அக்கவுண்ட்ஸுக்கு. உத்யம் எண் (உங்கள் எம்எஸ்எம்இ பதிவு எண்), பாக்கி பில்கள், தேதிகள் மட்டும் போதும். 2023 பட்ஜெட்டில் வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டிய பாக்கியை அவர்கள் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்!

அதற்கும் அசையாவிட்டால் இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்க கோவையிலேயே உள்ள பெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை அவர்கள் முதலில் கட்ட வேண்டும். சீக்கிரம் முடியும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

கேள்வி: நான் பேரிங் வாங்கி விற்கும் வியாபாரி. உத்யம் பதிவு இருக்கிறது. எனக்கும் இந்த 45 நாள் உண்டா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. வியாபாரிகளுக்கு உத்யம் பதிவின் பலன் வங்கிக் கடனில் முன்னுரிமை, அவ்வளவுதான். உங்களுக்கு ஜிஎஸ்டியில் ஒரு பிடி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், அந்த பில்லின் ஜிஎஸ்டிக்காக எடுத்த வரிக் கழிவை (இன்புட் கிரெடிட்) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஐந்தாவது மாதம் இதைப் பக்குவமாக நினைவூட்டுங்கள்.