ஒரு மாதக் குழந்தையின் கன்னத்தில் பரு

சகோதரி, நீங்கள் மாம்பழம் சாப்பிட்டதால்தான் ஒரு மாதக் குழந்தைக்குக் கன்னத்தில் பரு வந்தது என்று மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மாம்பழம் காரணமல்ல. அவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். காரணம் ஹார்மோன்கள்தான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை இன்னும் வீரியமுள்ள ஹார்மோனாக மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியின் (உடலில் வேதிமாற்றங்களைத் தூண்டும் பொருள்) முதல் வகை, கருவில் தென்படுவதில்லை. பிறந்தபின் தோலில் தலைகாட்டி, 2, 3 வயதுக்குள் அடங்கி, பருவ வயதில்தான் திரும்புகிறது. பிறந்த புதிதில் அட்ரினல் சுரப்பியின் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) ஆண்ட்ரோஜன்களும், அதாவது ஆண் ஹார்மோன்களும், மிகுந்திருப்பதால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் தூண்டப்பட்டுப் பரு வருகிறது. பெரும்பாலும் அது சில மாதங்களில் தானாக மறைந்துவிடும்.

வேளச்சேரி மருந்துக்கடையில் கொடுத்த ஸ்டீராய்டு கிரீமை மட்டும் தயவுசெய்து தடவாதீர்கள்! பிஞ்சுத் தோல் அதை எளிதில் உறிஞ்சிவிடும். முகத்துக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். இந்தச் சென்னைப் புழுக்கத்தில் வெதுவெதுப்பான நீரே போதும். சீழோ கரும்புள்ளியோ தெரிந்தால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் காட்டுங்கள்.