வாசலில் கழற்றிய செருப்பு

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருக்கிறேன். ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்ற நோட்டீஸைப் பார்த்து, கோவையில் ஒரு கச்சேரிக்குப் போனேன். வாசலில் கம்பளம் விரித்திருந்ததால் செருப்பைக் கழற்றினேன். காவலாளி சிரித்துவிட்டு, “பாஸ் இருக்கா?” என்றார். பேசாமல் திரும்பிவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு ரசனை போதாதோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: ரசனைக்கு என்ன குறை? பொன்னர்–சங்கர் என்ற அண்ணமார் கதையை உடுக்கடிப் பாட்டாக இரவெல்லாம் பாடும்போது, மண்தரையில் சாக்கை விரித்து அமர்ந்து, வீரர்கள் மாண்டு விழும் படுகளக் கட்டத்தில் கண்கலங்கி, பாடுகிறவர் ஓரடி விட்டுவிட்டாலும் கண்டுபிடித்துவிடுகிறவர்கள் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தாம். (அங்கும் ஆள் பார்த்து உட்காரவைத்த காலம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை.) ஈரோடு மாவட்டம் அறச்சலூர்ப் பாறையில் ‘த தை தா தை’ என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள இசைக் கல்வெட்டை அமைத்தவன் தேவன் சாத்தன் என்ற வண்ணக்கன், அதாவது மணியும் காசும் நோட்டம் பார்க்கிற தொழில்காரன்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அலைன் தார்பெலும் கலை அருங்காட்சியகங்களுக்கு வந்தவர்களிடம் நடத்திய ஆய்வை 1966இல் வெளியிட்டார்கள். அருங்காட்சியகம் எந்த இடத்தை நினைவூட்டுகிறது என்ற கேள்விக்கு, உடலுழைப்புத் தொழிலாளரில் 100க்கு 66 பேர் ‘தேவாலயம்’ என்றார்கள். உயர்நிலைத் தொழில்களில் இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 பேர். நீங்கள் செருப்பைக் கழற்றியதும் அந்த 66 பேருடைய பதில்தான். கோயில் என்றால் நம் ஊரில் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்பது கூடவே நினைவுக்கு வருமே!

சிரித்த காவலாளியை நான் நொந்துகொள்ளவில்லை. உள்ளே அவருக்கும் நாற்காலி கிடையாது. நோட்டீஸ் அச்சிட்டவர்களைத்தான் கேட்கிறேன். ‘அனைவரும் வருக’ என்று போட்டுவிட்டு, முதல் நான்கு வரிசைகளுக்கு வெள்ளை உறை மாட்டி நன்கொடையாளருக்கு ஒதுக்கி, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு 8.30 மணிக்கு வெளியே வருகிறவர்கள் நிறைந்த வட்டாரத்தில் வேலைநாள் மாலை 6 மணிக்குக் கச்சேரியைத் தொடங்கினால், அந்த ‘அனைவரும்’ யார் யார்? பிறகு இவர்களே மேடையேறி, ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்று அங்கலாய்ப்பார்கள்.

நீங்கள் பேசாமல் திரும்பியது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அடுத்த முறை பாஸ் கேட்டால் நோட்டீஸில் உள்ள வரியைக் காட்டிவிட்டு, நேரே உள்ளே போய் உட்காருங்கள், செருப்போடு.