டயாலிசிஸ் முடியும்வரை கையில் போன்

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்திருப்பது நான்தான். அண்ணன் பெங்களூருவிலிருந்து பணம் அனுப்புவதோடு சரி. அந்த நாலு மணி நேரமும் போனில் எதையாவது ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறேன். சேலை, குக்கர், பிள்ளைக்கு இன்னொரு ஸ்கூல் பேக், அப்பாவுக்கு டிரை ஃப்ரூட்ஸ், புரோட்டீன் பவுடர். பாதிப் பெட்டிகளைப் பிரிக்கக்கூட இல்லை, பீரோ மேல் கிடக்கின்றன. கிரெடிட் கார்டு பாக்கி ஒரு லட்சம், மினிமம் டியூ மட்டும் கட்டுகிறேன். கணவருக்குத் தெரியாது. அப்பா இப்படி இருக்கும்போது சேலை வாங்குகிறேனே, நான் மனுஷிதானா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடுங்கள் சகோதரி, அதற்குப் பதில் தேடினால் இன்னொரு ஆர்டர்தான் போடுவீர்கள். உள்ளே அப்பாவுக்கு பிரஷர் இறங்குமா, ரத்த டெஸ்டில் இந்த மாதம் என்ன வரும், எதுவும் உங்கள் கையில் இல்லை. சேலை பச்சையா நீலமா என்பது மட்டும் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: சோகமாக இருப்பவர்கள் பொருள்களைச் சும்மா பார்த்தபோது அல்ல, அவற்றில் தேர்ந்தெடுத்தபோதுதான், ஏதோ ஒன்றாவது நம் பிடியில் இருக்கிறது என்று தோன்றி மனம் லேசாகியிருக்கிறது. அதில் ஒரு சோதனையில் யாரும் காசு கொடுக்கவே இல்லை, வாங்குவதாகக் கற்பனைதான். அதனால் தேர்ந்தெடுங்கள், கார்ட்டில் போடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். ஷாப்பிங் ஆப்பில் சேமித்த கார்டை நீக்குங்கள். பேங்க் ஆப்பில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டையே அணைத்து வைக்கலாம், ரிசர்வ் வங்கி சொல்லி 2020 முதல் எல்லா வங்கிகளும் தந்திருக்கிற வசதி அது.

உங்கள் பட்டியலில் என்னைப் பயமுறுத்தியது சேலை இல்லை, டிரை ஃப்ரூட்ஸ். பேரீச்சை, உலர்ந்த அத்தி, திராட்சை எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இளநீரும் அப்படித்தான், யாராவது வாஞ்சையோடு வாங்கிவந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவைதான், ஆனால் எந்த பவுடர், எவ்வளவு என்பதை டயட்டீஷியன் சொல்லட்டும், சிலவற்றில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும். "கிட்னியைச் சுத்தம் செய்யும்" என்று வரும் லேகியம், கஷாயம் பக்கம் போகவே வேண்டாம். அப்பாவுக்காக ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் டயாலிசிஸ் அன்று போர்த்திக்கொள்ள ஒரு நல்ல போர்வை வாங்குங்கள், பலருக்கு அங்கே குளிரும்.

இனி கடன். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு 3,500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4,130. மினிமம் டியூ என்று 5,000 கட்டினால் அசலில் 870 ரூபாய்தான் குறைகிறது, புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வங்கியில் பேசி பாக்கியை இஎம்ஐ ஆக்குங்கள், அல்லது நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து இதை முடித்துவிடுங்கள், நகைக்கடன் வட்டி இதற்குப் பக்கத்தில்கூட வராது. அப்புறம் பீரோ மேல் இருக்கும் பெட்டிகள். ரிட்டர்ன் தேதி தாண்டாததை எல்லாம் இன்றே திருப்பி அனுப்புங்கள்.

கணவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஸ்டேட்மென்ட் வீட்டுக்கு வந்து அவர் பார்ப்பதைவிட நீங்களே சொல்வது நல்லது, தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

டயாலிசிஸுக்குக் கைக்காசு கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, 1800 425 3993-ல் கேளுங்கள்.

அண்ணனிடம் இன்னும் பணம் கேட்காதீர்கள். மாதத்தில் ஒரு வாரம் வந்து அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். லீவு இல்லை என்பார், வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் விரல் போனைத் தேடினால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.