காவல் நாய்கள் முகர்ந்து பார்ப்பதைச் சங்கிலியால் தடுக்கலாமா?

கேள்வி: திருவட்டாறு அருகே ரப்பர் விளையும், இரண்டு கறவை மாடுகளும், எட்டு ஆடுகளும் வைத்திருக்கிறேன். காவலுக்கு ஐந்து வயது ஆண் நாட்டு நாய் உள்ளது. துணைக்கு ஒரு வயது நிரம்பிய இன்னொரு ஆண் நாயைச் சென்ற வாரம் கொண்டு வந்தேன். பழைய நாய் அதன் பின்புறத்தை விடாமல் முகர்கிறது. அருவருப்பாக இருக்கவே சங்கிலியை இழுத்தேன். உடனே இரண்டும் கடித்துக்கொண்டன. புதிய நாய் சிறுநீர் கழித்த இடத்திலெல்லாம் பழையது போய்க் கழிக்கிறது. வைக்கோல் படப்பையும் விடவில்லை. இது ஏதேனும் நோயா? இரண்டையும் எப்படிப் பழக்குவது?

பதில்: நீங்கள் எழுதியதில் நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. பழைய நாய் செய்வது விசாரணை. அது பாதியில் தடைபட்டதாலேயே சண்டை வந்திருக்க வேண்டும்.

நாயின் மலவாய்க்கு இருபுறமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில், இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் ஊறும் திரவத்தின் வாசனை நாய்க்கு நாய் வேறுபடும். மலம் கழிக்கும்போது அதில் சிறிதளவு வெளிவரும். பின்புறத்தை முகரும் நாய்க்கு எதிரில் நிற்பது ஆணா, பெண்ணா, பருவத்தில் உள்ளதா, முன்பே அறிந்த நாயா என்பது போன்ற செய்திகள் இந்த வாசனையிலிருந்தும், அப்பகுதியின் தோல், சிறுநீர் வாசனைகளிலிருந்தும் கிடைக்கின்றன. மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 முதல் 60 லட்சம் என்றால், பல நாய்களுக்கு அவை 20 கோடியைத் தாண்டும். அதற்கும் மேலாக, மேல்வாயின் முன்பல்லுக்குப் பின்னால் திறக்கும் யாக்கோப்சன் உறுப்பு, சிறுநீரிலும் சுரப்பிலும் உள்ள இனச்சேர்க்கைக்குரிய வேதிப்பொருள்களைத் தனியே அறிந்துகொள்கிறது. ஆண் நாய் சிறுநீரை நக்கிவிட்டுப் பல் நடுங்க, வாயில் நுரை தள்ள நிற்பதைக் கண்டு வலிப்பு என்று பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. நாய் நினைவோடு இருந்து, சில நொடிகளில் இயல்புக்குத் திரும்பினால், அது இந்த உறுப்புக்கு வாசனையைச் செலுத்தும் முயற்சியே ஆகும்.

புதிய நாய் வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அச்சத்தில் அவ்வாறு செய்யும்போது அந்தச் சுரப்பின் வாசனையும் மூடப்பட்டுவிடுகிறது. ஊருக்குப் புதிதாய் வந்தவர் பெயர் சொல்லத் தயங்குவதைப் போன்றதுதான். அச்சமயம் நீங்கள் சங்கிலியை இழுத்தால், பழைய நாயின் தலையும் மார்பும் நிமிர்ந்து, அது முறைத்து நிற்கும் தோற்றம் ஏற்படுகிறது. விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை. புதிய நாய் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டையும் சில நாட்கள் தனித்தனியே கட்டி, ஒன்று படுத்த சாக்கை மற்றதன் படுக்கையில் போடுங்கள். நேரில் பார்ப்பதற்கு முன்பே வாசனை பழகிவிடும். பிறகு வீட்டு முற்றத்தில் அல்லாமல், இரண்டுக்கும் உரிமையில்லாத குளத்தங்கரையிலோ ஏலா (வயல்வெளி) வரப்பிலோ இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, பத்து, பதினைந்து அடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். உடலின் விறைப்பு தளர்ந்ததும், சங்கிலியைத் தொய்வாக விட்டு, மூன்று நான்கு நொடிகள் முகர விடுங்கள். பெயர் சொல்லி அழைத்து நடையைத் தொடருங்கள். மறுபடி முகர விடுங்கள். கழுத்து மயிர் சிலிர்த்து, வால் விறைத்து, கண் அசையாமல் நின்றால் மட்டும், இழுக்காமல் பக்கவாட்டில் திருப்பி அழைத்துச் செல்லுங்கள். உணவு எப்போதும் தனித்தனி இடத்தில் இருக்கட்டும்.

ஒன்றின் சிறுநீர் மீது மற்றொன்று கழிப்பதும், பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துக் கால் வாசனையைப் பதிப்பதும் விளையில் நடக்கும்வரை கவலை இல்லை. வைக்கோல் படப்பில் நடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, தொற்றுள்ள நாயின் சிறுநீரிலும் வெளியேறும். ஈரமண்ணில் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் மண் காய்வதே அரிது. மாட்டுக்குக் கருச்சிதைவையும், வெறுங்காலோடு தொழுவத்தில் நிற்கும் உங்களுக்குக் காய்ச்சலையும் அது தரலாம். படப்பைச் சுற்றி ஓர் ஆள் இடுப்பளவுக்கு ஓலைத் தட்டி கட்டுங்கள். கழுநீர்த் தொட்டியை உயர்த்தி வையுங்கள். நாயின் மலம் தீவனத்தில் கலக்கவும், கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை நாய் தின்னவும் விடாதீர்கள். நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி இந்த வழியாகவும் சுழன்று வந்து மாட்டின் கருவைக் கலைக்கிறது.

இரு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியும், லெப்டோஸ்பைரா சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் போட்டாக வேண்டும். பின்னதை இதுவரை போடாத நாய்க்கு மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் போடுவது வழக்கம்.

நாய் தன் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்தாலோ, அங்கிருந்து அழுகிய மீன் நாற்றம் வந்தாலோ, குடற்புழு என்று முடிவு கட்டி மாத்திரை கொடுக்காதீர்கள். அந்தப் பைகள் அடைபட்டிருக்கலாம். கால்நடை மருத்துவர் அழுத்தி வெளியேற்றுவார். மூக்கிலோ பிறப்புறுப்பிலோ இரத்தம் கசியும் சதை வளர்ச்சி தென்பட்டால் தாமதம் வேண்டாம். இணை சேரும்போதும், முகர்ந்து நக்கும்போதும் நாய்க்கு நாய் ஒட்டும் ஒரு வகைப் புற்றுக்கட்டி உண்டு. வாரந்தோறும் போடும் ஊசி மருந்தில் பெரும்பாலும் குணமாகும்.

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அக்கம்பக்கத்துப் பெண் நாய்கள் பருவத்துக்கு வரும்போது, வாசனை பிடித்து இரண்டு ஆண் நாய்களும் வேலி தாண்டும். அதுவரை பழகிய நாய்களே ஒன்றையொன்று கடிக்கவும் கூடும். இனப்பெருக்கத்துக்குத் தேவையில்லையெனில் அதற்கு முன்பே ஆண்மை நீக்கம் செய்துவிடுங்கள். அலைச்சல் பெருமளவு குறையும். கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது பல நாய்களில் குறையும், சிலவற்றில் பழக்கமாகவே நீடிக்கும் என்பதால் ஓலைத் தட்டியை மட்டும் அவிழ்த்துவிட வேண்டாம்.