ஐந்து கணினிக்கும் ஒரே எஸ்எஸ்டி: வட்டு இல்லாமல் நெட்வொர்க் வழியே பூட் செய்வது

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், வீட்டிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும் ஓட்டுக் கட்டடத்தில் டியூஷன் எடுக்கிறேன். தமிழ் மீடியம், மலையாள மீடியம் இரண்டிலும் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்து பழைய கணினிகள் இருக்கின்றன, ஐந்திலும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வீட்டில் இருக்கும் நல்ல கணினி ஒன்றை சர்வராக்கி (8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி), எல்லாவற்றையும் அதிலிருந்தே பூட் செய்ய நினைத்தேன். பூட் சர்வர் எது, ஃபைல் பெயர் என்ன என்று சொல்லும் 66, 67 ஆப்ஷன்களை ரவுட்டரில் போடு என்கிறார்கள். என் ரவுட்டரில் அப்படி ஒரு இடமே இல்லை. வகுப்புக்கு வரும் கேபிளில் சர்வரையும் கோர்த்து, அதில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன சர்வர் மென்பொருளை ப்ராக்ஸி முறையில் போட்டேன். மூன்று கணினிகளில் ‘பிஎக்ஸ்இ ஈ53’ (பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் வழியே பூட் ஆகும் முறை) என்று வந்து நிற்கிறது. மற்ற இரண்டும் ஒன்றுமே காட்டாமல் செட்டப் திரைக்குத் திரும்பிவிடுகின்றன. எங்கே தப்பு சார்?

பதில்: ஈ53 என்ற எண்ணைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மூன்று கணினிகளிலும் கார்டு, கேபிள், சுவிட்ச் எல்லாம் சரி என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால், இனி எது வந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வட்டு இல்லாத கணினிக்குப் பவர் கொடுத்ததும் அது நெட்வொர்க்கில் குரல் கொடுக்கிறது. அப்போது இரண்டு விஷயம் கேட்கிறது: எனக்கு ஒரு முகவரி வேண்டும், எந்த ஃபைலை யாரிடம் போய் எடுக்கவேண்டும் என்றும் தெரியவேண்டும். முதல் கேள்விக்கு, முகவரி கொடுக்கும் சேவையான டிஎச்சிபி பதில் சொல்லும். இரண்டாவதற்கும் அதே டிஎச்சிபி சொல்லலாம், அல்லது பக்கத்தில் நிற்கும் வேறொருவர் சொல்லலாம். பெயர் கிடைத்ததும், டிஎஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை வழியாக ஒரு சின்ன பூட் லோடர் (இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்) வந்து இறங்குகிறது. அந்த லோடர் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, கொண்டுவருகிறது. கெர்னல் எழுந்து, சர்வரில் இருக்கும் இமேஜை (முழு இயங்குதளமும் அடங்கிய ஃபைல்) என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு வழியாகத் தன் வட்டு போலப் பிடித்துக்கொள்கிறது. மொத்தம் நான்கு கைமாற்றம். திரை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்தக் கை மாறவில்லை என்று அர்த்தம்.

பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் எழும் பழைய கணினிகளில் இதற்கு எண்ணே உண்டு. ஈ61 என்றால் கேபிளைப் பாருங்கள். ஈ51 என்றால் முகவரி கொடுக்க ஆளே இல்லை. ஈ53 என்றால் முகவரி வந்தது, ஃபைல் பெயர் வரவில்லை. ஈ32 என்றால் பெயரும் வந்தது, ஆனால் டிஎஃப்டிபி கதவைத் தட்டியபோது திறக்கவில்லை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள்.

ஆக, உங்கள் மூன்று கணினிகளுக்கும் ரவுட்டர் முகவரியைக் கொடுத்துவிட்டது. ஃபைல் பெயரைச் சொல்லவேண்டிய சர்வர் பேசவில்லை, அல்லது பேசியது வெளியே போகவில்லை. முதலில் சர்வரின் ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள். யுடிபி போர்ட்டுகளில், அதாவது நெட்வொர்க் வாசல்களில், 67, 69, 4011 மூன்றும் திறந்திருக்கவேண்டும் (இந்த 67 வேறு, ஆப்ஷன் 67 வேறு). கடைசி எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ப்ராக்ஸி முறையில் கணினி இரண்டாம் முறை வந்து கேட்பது அந்த 4011-இல்தான். அடுத்த சந்தேகம் டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்பு ஃபைல். முழு டிஎச்சிபிக்கு எழுதும் பூட் வரியை மட்டும் எழுதியிருந்தால் ப்ராக்ஸி முறைக்கு அது போதாது. பிஎக்ஸ்இ சர்வீஸ் என்று தொடங்கும் வரி தனியாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் ஒன்று.

ரவுட்டரில் 66, 67 இல்லை என்ற கவலையை விட்டுவிடுங்கள். ப்ராக்ஸி டிஎச்சிபி என்பதே அதற்காக வந்ததுதான். ரவுட்டர் வழக்கம்போல முகவரி கொடுக்கும். சர்வர் முகவரி பக்கமே போகாமல் ஃபைல் பெயரை மட்டும் சொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ப்ராக்ஸி சரிவரவில்லை என்று கோபப்பட்டு, அதே நெட்வொர்க்கில் சர்வரில் முழு டிஎச்சிபியைப் போட்டுவிடாதீர்கள். எல்லையோர வாயனசாலை (நூலகம்) ஒன்றில் நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். எங்கள் நான்கு கணினிகளும் அழகாக எழுந்துவிட்டன. ஆனால் அங்கே வந்தவர்களின் போன்களில் பாதிக்கு நெட் நின்றுபோனது. அவை என் சர்வரிடம் முகவரி வாங்கி, நெட்டுக்கு வழியே இல்லாத இடத்தில் போய்க் காத்திருந்தன. பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, பாதிப் பேருக்கு இல்லை என்பதால் காரணம் பிடிபடவே ஒரு நாள் ஆனது. ஒரு நெட்வொர்க்குக்கு முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்கவேண்டும்.

சரி, ப்ராக்ஸியையே சரிசெய்து ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் உங்கள் இடத்துக்கு நான் வேறு வழியைத்தான் சொல்வேன். ப்ராக்ஸி முறையில் ரவுட்டர் அணைந்தால் முகவரி கிடையாது, முகவரி இல்லை என்றால் ஒரு கணினியும் எழாது. கரண்ட் போய் வரும் நேரத்தில், வீட்டு ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இல்லை என்பதற்காகப் பிள்ளைகள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் இடி. ஐப்பசியில், உங்கள் பக்கம் துலாம் மாதம் என்பீர்களே, மதியம் தாண்டினால் விழும் இடி உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் ஓடும் செம்புக் கேபிள் அந்த அதிர்ச்சியை நேராக கார்டுக்கும் சுவிட்சுக்கும் கொண்டுவந்துவிடும். பக்கத்தில் எங்கோ விழுந்தாலே போதும். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தயவுசெய்து அந்தப் பதினைந்து மீட்டர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வயர் வேண்டும் என்றால் ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். ஃபைபருக்குள் மின்சாரம் ஓடாது. வாங்கும்போது உள்ளே கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள்.

என் யோசனை இதுதான். சர்வரையே வகுப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதன் லேன் போர்ட்டில் ஒரு எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச், அதிலிருந்து ஐந்து கணினிகள். வீட்டு ரவுட்டரோடு சர்வர் வைஃபையில் பேசட்டும். நெட்டுக்கு அது போதும். இப்போது வகுப்பு ஒரு தனி நெட்வொர்க். அங்கே வேறு டிஎச்சிபி இல்லாததால் சர்வரே தயங்காமல் முழு டிஎச்சிபியாக இருக்கலாம். வீட்டு ரவுட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினிகள் எழும். அந்தப் பக்கம் நெட் மட்டும்தான் வராது. ஒன்றை நினைவில் வையுங்கள்: வைஃபை சர்வருக்கு மட்டும். ஐந்து கணினிகளுக்கும் கேபிள் கட்டாயம். பிஎக்ஸ்இ வயரில்தான் எழும்.

மற்ற இரண்டு கணினிகளுக்கு வருவோம். மூன்று பழசு, இரண்டு கொஞ்சம் புதுசு என்று ஊகிக்கிறேன். புதுசு இரண்டும் பயாஸுக்குப் பிறகு வந்த யூஇஎஃப்ஐ வகையாக இருக்கும். செட்டப்புக்குள் போய் ‘நெட்வொர்க் ஸ்டாக்’ என்பதைத் தேடி இயக்குங்கள். பெரும்பாலும் அது அணைத்தே கிடக்கும். அதற்குக் கீழே ஐபிவி4 பிஎக்ஸ்இ. செக்யூர் பூட்டை அணையுங்கள். ஃபாஸ்ட் பூட் இருந்தால் அதையும் அணையுங்கள். பூட் வரிசையில் நெட்வொர்க்கை மேலே ஏற்றுங்கள். இத்தனையும் செய்த பிறகு ‘ஈ16’ என்று வந்தால், அது உயிரோடு இருக்கிறது, பதில் சொல்ல ஆளில்லை என்று பொருள்.

யூஇஎஃப்ஐக்கும் பயாஸுக்கும் லோடர் ஃபைல் வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதற்குக் கொடுத்தால் இறங்கும், ஓடாது. நல்லவேளையாக, கேட்கும்போதே கணினி தன் வகையைச் சொல்லிவிடுகிறது. டிஎச்சிபியின் 93-ஆம் ஆப்ஷனில் பயாஸ் என்றால் 0 வரும், 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் 7. டிஎன்எஸ்மாஸ்க் அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். வகைக்கு ஒன்றாக இரண்டு வரியும் அமைப்பு ஃபைலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எவ்வளவு முயன்றும் ஒரு கணினி மட்டும் எழவில்லை என்றால், ஐபிஎக்ஸ்இ என்ற கட்டற்ற பூட் லோடரை ஒரு பழைய பென் டிரைவில் எழுதி அதன் பின்னால் செருகிவிடுங்கள். ஏறத்தாழ ஒரு எம்பிதான் பிடிக்கும். மீதி எல்லாம் நெட்வொர்க் வழியாகவே வரும். அப்புறம், செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளைக் கேபிளோடு கழற்றி வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பயாஸ் அவற்றைத் தேடியே நேரத்தைத் தின்னும்.

டிஎஃப்டிபி பற்றி ஒரு வார்த்தை. 1981-இல் வகுத்த எளிய முறை அது. வழக்கமாக 512 பைட் அனுப்பும், வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும், பிறகு அடுத்த 512. அறுபது எம்பி ஃபைலை இப்படி அனுப்பினால் 1,22,880 முறை போய்வரவேண்டும். அதனால் டிஎஃப்டிபியில் சின்ன ஐபிஎக்ஸ்இ லோடரை மட்டும் இறக்கிவிட்டு, பெரிய ஃபைல்களை, இணையப் பக்கங்கள் வரும் அதே எச்டிடிபியில் எடுக்கலாம். ஐபிஎக்ஸ்இக்கு அது தெரியும். ஐந்தே கணினிக்கு இது அவசியம் என்று சொல்லமாட்டேன். தாமதம் உறுத்தினால் செய்யுங்கள்.

இதையெல்லாம் கையால் கோர்க்கவேண்டுமா? வேண்டாம். எல்டிஎஸ்பி என்ற கட்டற்ற மென்பொருள் 1999-இலிருந்து இந்த வேலைக்காகவே இருக்கிறது. சர்வரில் டெபியன் அல்லது உபுண்டுவைப் போட்டு, பிள்ளைகளுக்கு வேண்டியதையெல்லாம் அந்த சர்வரிலேயே நிறுவுங்கள். எல்டிஎஸ்பி அந்த நிறுவலையே அமுக்கி ஒரு இமேஜ் ஆக்கிவிடும். டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பு, ஐபிஎக்ஸ்இ மெனு, என்எஃப்எஸ் பகிர்வு ஆகியவற்றுக்கும் ஆளுக்கொரு கட்டளை உண்டு. இரண்டு நெட்வொர்க் உள்ள சர்வர் என்றால், வகுப்புப் பக்கத்துக்கு 192.168.67.1 என்ற முகவரியைக் கொடுங்கள். எல்டிஎஸ்பி இயல்பாகவே அந்த வரிசையில் முழு டிஎச்சிபி தருகிறது. வைஃபையில் வரும் நெட்டை வகுப்புக்குக் கடத்த, அமைப்பு ஃபைலில் சர்வர் பகுதியில் நாட் என்ற மதிப்பை 1 ஆக்கினால் போதும். தளப் பெயர்கள் திறக்கவில்லை என்றால், டிஎன்எஸ்மாஸ்க்கில், தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

உங்கள் வகுப்புக்கு இது எவ்வளவு பொருத்தம் தெரியுமா? கேரளப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான கைட் தரும் லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாவற்றையும் நீங்கள் ஒரே ஒரு முறை நிறுவினால் ஐந்து இடத்திலும் இருக்கும். தமிழ்99 விசைப்பலகை, மலையாள இன்ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒரு முறை சேர்த்தால், பிள்ளை எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் மொழியில் தட்டலாம். பிள்ளையின் ஃபைல்களும் சர்வரில் அவரவர் கணக்கில் இருக்கும். இன்று முதல் மேசை, நாளை மூன்றாவது மேசை என்றாலும் வேலை தொலையாது. இமேஜை யாரும் கெடுக்கவும் முடியாது. கணினி ஓடும்போது இமேஜில் செய்யும் மாற்றம் எல்லாம் ராமில்தான் நிற்கும். அணைத்துப் போட்டால் பழையபடி. விண்டோஸையும் ஐஸ்கசி (நெட்வொர்க் வழியே வட்டு தரும் முறை) வழியாக இப்படி எழுப்பலாம். ஐந்து கணினிக்கு லைசென்ஸும், ஆளுக்கொரு வட்டுப் பிரதியும் சமாளிக்கவேண்டும் என்பதால் உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பணம் செலவழிக்க நினைத்தால் முதலில் ராமுக்குச் செலவழியுங்கள். கணக்கும் படமும் ஓடுவது பிள்ளை உட்கார்ந்திருக்கும் கணினியில்தான். சர்வர் ஃபைலைக் கொடுப்பதோடு சரி, அதற்கு 8 ஜிபி தாராளம். பழைய கணினிகளில் 2 ஜிபி என்றால் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஓடும், பிரவுசர் திறந்தால் திணறும். 4 ஜிபி ஆக்கிவிடுங்கள். கோவையிலோ பொள்ளாச்சியிலோ பழைய உதிரி விற்கும் கடைகளில் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது பழைய ராமைக் கையில் எடுத்துப் போங்கள். இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு, மாற்றி வாங்கினால் பொருந்தாது.

கேபிளிலும் ஒரு கண் வையுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நொடிக்கு 110 மெகாபைட் போல வரவேண்டிய இடத்தில் 11, 12தான் வரும். ஒரு கணினியில் இது நடந்தால் அது மட்டும் மெதுவாகும். சர்வரின் கேபிளில் நடந்தால் ஐந்தும் தவழும். சுவிட்சைப் பழையதாக வாங்கினால், அலுவலகத்தில் ஓடிய மேனேஜ்டு சுவிட்சா என்று கேளுங்கள். அதில் ஸ்பேனிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாக இணைந்துவிடாமல் காக்கும் வசதி) ஓடினால் போர்ட் திறக்கவே 30 நொடி எடுக்கும். அதற்குள் கணினி பொறுமை இழந்து ஈ51 காட்டிவிடும். சாதாரண சுவிட்சே உங்களுக்கு நல்லது.

யுபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால் சர்வருக்கும் சுவிட்சுக்கும் கொடுங்கள். பிள்ளைகளின் கணினி திடீரென்று அணைந்தால் இமேஜுக்கு ஒன்றும் ஆகாது, சேமிக்காமல் விட்ட வேலைதான் போகும். ஆனால் ஐந்து கணினிக்கும் வட்டு அந்த ஒரே எஸ்எஸ்டிதான். வாரம் ஒருமுறை பிள்ளைகளின் கணக்குகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வீட்டுக்குள் வையுங்கள், வகுப்பில் வேண்டாம்.

கடைசியாக, அடிக்கடி மறந்துபோகும் இரண்டு விஷயம். சர்வரில் புதிதாக ஒரு மென்பொருள் போட்டாலோ அப்டேட் செய்தாலோ, இமேஜை மறுபடி உருவாக்கும்வரை கணினிகளில் அது தெரியாது. வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அமுக்குவதற்கு நேரம் பிடிக்கும். அதேபோல், புதுப் பிள்ளை சேர்ந்து கணக்கு திறந்தால் எல்டிஎஸ்பியின் இனிட்ஆர்டி கட்டளையை ஒருமுறை ஓட்டவேண்டும். இல்லாவிட்டால் சர்வரில் இருக்கும் பெயர் கணினியின் நுழைவுத் திரைக்குத் தெரியாது. பாஸ்வேர்டு சரியாகத்தானே போடுகிறேன் என்று அந்தப் பிள்ளை கலங்கும்.